மில் ஓடாத நாளில் எழுதிய வரி

மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதே பாதையில் ஒரு ஜீப் இறங்கியிருந்தது. அதன் பின் சீட்டில் ஒரு மனிதரைப் படுக்க வைத்திருந்தார்கள். தலை மனைவியின் மடியில், கால் மச்சானின் மடியில். முன் சீட்டில் நர்சம்மா. எனக்கு இடம் இல்லை. இருந்திருந்தாலும் நான் ஏறியிருக்க மாட்டேன்.

"நான் நாளைக்கு வர்றேன். நீ இரு" என்று சொல்லிவிட்டுத்தான் நர்சம்மா போனார். ஜீப் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் இருந்தேன். பிறகு லேப்டாப்பை, இரண்டு சட்டையை, லுங்கியை, ஒயர் பற்ற வைக்கும் சால்டரிங் அயர்னைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். சாவியை வழக்கமாக வைக்கும் ஜன்னல் இடுக்கில் வைத்தேன்.

கிளம்புவது எனக்குப் புதிதல்ல. பத்தாவது பரீட்சை எழுதாமல் வீட்டை விட்டு வந்தவன். லாரியில் கிளீனராக இருந்தேன். ஆம்பூரில் தோல் ஷெட்டில் இருந்தேன். வேலூரில் செல்போன் ரிப்பேர் கடையில் மூன்று வருஷம், ஓசூரில் சின்ன சின்ன எலக்ட்ரானிக் போர்டு செய்யும் கம்பெனி ஒன்றில் நாலு வருஷம். ஒரு இடத்தில் ஏதாவது தப்பாகிவிட்டால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க எனக்கு வராது. பையை எடுப்பேன். சம்பள பாக்கியைக்கூடப் பல இடத்தில் கேட்டதில்லை.

ஆனால் இந்தத் தடவை தப்பு என்ன என்றே எனக்குத் தெரியவில்லை. அதுதான் நடக்க நடக்கக் காலைப் பிடித்து இழுத்தது.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் அந்த ஆஸ்பத்திரியை ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. இரண்டு அறை, நாலு கட்டில். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் நர்சம்மா ஒருவர்தான். அடிவாரத்து ஊர்க்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். நான் அங்கே போனது இன்வெர்ட்டர் பேட்டரி மாற்ற. அரை நாள் வேலை. வேலை முடிந்து டீ குடிக்கும்போது, அலமாரிக்கு மேலே துணி போட்டு மூடியிருந்த ஒரு பெட்டியைக் காட்டினார்.

"இது இன்னான்னு தெரியுமா தம்பி?"

ஈசிஜி பெட்டி. நெஞ்சிலும் கை காலிலும் ஒயர்களை ஒட்டினால் இருதயத்தின் ஓட்டத்தைக் கோடாகக் காட்டுவது. யுஎஸ்பி ஒயரில் கம்ப்யூட்டரோடு சேர வேண்டும். பழைய கம்ப்யூட்டர் செத்துப்போய்ப் புதிது வந்ததும் அது இந்தப் பெட்டியைத் தெரியாது என்று சொல்லிவிட்டது. பெட்டி செய்த கம்பெனியை மூடிவிட்டார்களாம்.

"நெஞ்சு வலின்னு வர்றவங்கள கீழ அனுப்பணும்னா எனக்குக் கையில ஒண்ணு வேணும்" என்றார். "வெறும் வாயால சொன்னா போவ மாட்டாங்க. போன வருஷம் ஒரு அம்மாவ பயந்து அனுப்பிட்டேன். வாயுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. களையெடுப்பு நேரத்துல மூணு நாள் போச்சு அவங்களுக்கு. அதுலேர்ந்து நான் போன்னா, 'அந்தம்மாவையும் இப்படித்தான் போன்னீங்க'ன்றாங்க."

பெட்டியையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். ஓசூரில் அதை எழுதிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனபோது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து போர்டில் ஈயம் பற்ற வைத்துக்கொண்டிருந்த என் தலையில் அந்த வேலை விழுந்தது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்து, செல்போனில் தேடி, அடுத்தவர் எழுதியதைப் பார்த்து எழுதிக் கற்றுக்கொண்டேன். வரிசையாகப் படித்தவனுக்கு இருப்பதுபோல எனக்கு அடித்தளம் கிடையாது. எங்கே அடிபட்டேனோ அங்கே மட்டும் தெரியும்.

நர்சம்மாவிடம் ஒரு வாரம் ஆகும் என்றேன். மூன்று வாரம் ஆனது. பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க் உயிரோடு இருந்தது. அதை என் லேப்டாப்பில் மாட்டி, பழைய புரோகிராம் பெட்டியோடு ஒயரில் என்ன பேசுகிறது என்று ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்தேன். பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த சிப்பின் பெயரைப் பார்த்து, அதன் விவரத் தாள்களைத் தேடி எடுத்தேன். மெல்ல மெல்லக் கோடு வந்தது. ஆனால் கோடு முழுக்க மயிர் முளைத்தாற்போல் இருந்தது. கரண்ட்டின் இரைச்சல். அதை வடிகட்ட ஒரு வசதி சிப்பிலேயே இருந்தது. போட்டுவிட்டால் போதும்.

இந்த இடத்தில் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டும். இந்த மாதிரி சிப்புகளுக்குள் ரெஜிஸ்டர் என்று சின்னச் சின்ன இடங்கள் இருக்கும். ஒரு பலகையில் எட்டு சுவிட்ச் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று இரைச்சலை வடிகட்டும். மூன்று சேர்ந்து, கோட்டை எத்தனை மடங்கு பெரிதாக்க வேண்டும் என்று சொல்லும். ஒன்று முன்பக்க விளக்கை எரிக்கும். சிலவற்றைத் தொடவே கூடாது என்று போட்டிருக்கும். சிக்கல், ஒரு சுவிட்சை மட்டும் தட்ட முடியாது. எட்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் எழுத முடியும். அதனால் முதலில் இப்போது எப்படி இருக்கிறது என்று படிக்க வேண்டும். அந்த எண்ணில் நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற ஏழையும் இருந்தபடியே திருப்பி எழுத வேண்டும்.

இதை ஓசூரில் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். ஒரு மோட்டார் போர்டில் எனக்கு வேண்டிய சுவிட்சுக்கு மட்டும் எண் எழுதினேன். மற்ற ஏழும் அணைந்தன. அதில் ஒன்று கரண்ட்டை ஒரு அளவுக்கு மேல் விடாமல் பிடித்து வைத்திருந்தது. போர்டு என் கண் முன்னாலேயே புகைந்தது. அன்று சாயங்காலமே பையை எடுத்தேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு தரம்கூடப் படிக்காமல் எழுதியதில்லை.

இங்கேயும் அப்படியே செய்தேன். ஒவ்வொரு நோயாளிக்கும் கோடு எடுக்கத் தொடங்கும் முன் புரோகிராம் அந்த ரெஜிஸ்டரைப் படிக்கும், வடிகட்டும் சுவிட்சை மட்டும் போடும், திருப்பி எழுதும். நர்சம்மா தன் கையிலேயே ஒயரை மாட்டிப் பத்து தரம் பார்த்தார். காய்ச்சலுக்கு வந்தவர்களை எல்லாம் படுக்க வைத்துப் பார்த்தார். கோடு சுத்தமாக வந்தது. எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அந்த மூன்று வாரமும் பக்கத்துச் சுவரை ஒட்டிய சாமை மில் பூட்டிக் கிடந்தது. அறுப்பு முடிந்து சாமை வந்தால்தான் திறப்பார்கள். நான் எழுதியது, சரிபார்த்தது எல்லாம் மில் ஓடாத நாட்களில்.

அன்று காலை மில் திறந்தது. மூட்டைகளோடு ஜனம் வந்தது. மதியம், மூட்டையோடு வராத ஒருவரும் வந்தார். மச்சான் தோளில் கை போட்டு நடந்து வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் மனைவி.

"கதிர் அடிச்சிக்கினு இருந்தாரும்மா" என்றார் அந்த அம்மா. "மூச்சு வாங்குதுன்னு குந்தினாரு. ஏந்திரிக்கல."

"ஒண்ணும் இல்ல நர்சம்மா. காலைல குடிச்ச கூழு சேரல" என்றார் அவர்.

"ஒரு கலர் சோடா குடிச்சா மாமாவுக்கு சரியாப் பூடும்" என்றான் மச்சான்.

"நீ இன்னா, சோடா கடை வெச்சிருக்கியா? புடி அவர. இந்தக் கட்டில்ல படுக்க வை." நர்சம்மா பேசிக்கொண்டே ஒரு மாத்திரையை அவர் வாயில் போட்டு மென்று விழுங்கச் சொன்னார். ஒயர்களை ஒட்டினார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் பொத்தானை அழுத்தினேன். சரியாக அந்த நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் மில் மோட்டார் ஓட்டம் எடுத்தது. தலைக்கு மேல் விளக்கு ஒரு தரம் மங்கி எரிந்தது. எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

கோடு வந்தது. எப்போதும் கோட்டுக்கு முன்னால் பெட்டி தானாகவே ஒரு அளவைப் போட்டுக் காட்டும். ஒரு சதுரப் படி. திரையில் அது இரண்டு பெரிய கட்டம் உயரம் நிற்க வேண்டும். நர்சம்மா அந்தப் படியைப் பார்க்காமல் மேலே போக மாட்டார். நான் கோட்டைத்தான் பார்ப்பேன்.

"இன்னா தம்பி இது? ஒரு கட்டம்தான் நிக்குது."

பார்த்தேன். ஒரு கட்டம்தான் இருந்தது. கோடும் குட்டையாக இருந்தது. மற்றபடி சுத்தமான கோடு.

"கோடு நல்லாத்தான் வருதுக்கா. பாதியா இருக்கு, அவ்ளோதான். ரெண்டால பெருக்கிப் பாத்துக்கலாம்" என்றேன்.

"நீ பெருக்குவ. கீழ ஃபோன்ல பாக்கற டாக்டரு பெருக்குவாரா?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். "இப்போ பாதி காட்டறது இன்னும் இன்னா இன்னாத்த மாத்திக் காட்டுதுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

மச்சான் காதில் இது விழுந்துவிட்டது. "பொட்டியே சரியில்லயா? அப்போ வூட்டுக்குப் போலாமா மாமா?"

"வலி வுட்டுப்போச்சு" என்றார் கட்டிலில் இருந்தவர். எழுந்து உட்காரப் பார்த்தார். அவர் முகம் வெளுத்து, மேல் உதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"வுட்டுப்போச்சுன்னா ஏன் வேர்க்குது?" என்றார் நர்சம்மா. "படு. இந்தத் தம்பி இப்போ சரி பண்ணிடும்."

"போன வருஷம் எங்க சின்னம்மாவையும்தான் படுன்னீங்க, கீழ போன்னீங்க" என்றான் மச்சான். சிரித்துக்கொண்டே சொன்னான். ஆனால் அது சிரிப்பில்லை. கட்டிலில் இருந்தவரின் மனைவி வாசற்படியில் போய் நின்றுகொண்டார். கணவர் வெளியே போகாமல் தடுக்க நின்றாரா, கூட்டிக்கொண்டு போக நின்றாரா என்று சொல்ல முடியாது. அவரே முடிவு செய்திருக்க மாட்டார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

நான் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. ஒயர் பிடுங்கப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று என் புரோகிராமில் எழுதியிருக்கவில்லை. யார் பிடுங்கப்போகிறார்கள் என்று விட்டிருந்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பெட்டியைத் தெரியவில்லை என்றது. மறுபடி அணைத்தேன். சுவர்க் கடிகாரத்தை நான் பார்க்கவில்லை, நர்சம்மா பார்த்துக்கொண்டிருந்தார். நாடியில் ஒரு கை, கண் கடிகாரத்தில். இருபது நிமிஷம் ஆனது.

இருபதாவது நிமிஷம் படி இரண்டு கட்டம் நின்றது. நர்சம்மா என்னை நம்பவில்லை. மறுபடி எடுக்கச் சொன்னார். இரண்டாவது தடவையும் இரண்டு கட்டம் நின்ற பிறகுதான் கோட்டைப் பார்த்தார். இறங்க வேண்டிய இடத்தில் கோடு இறங்காமல், மேலேயே தங்கி வளைந்திருந்தது. திரையை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு பின்பக்கத்துப் பாறைக்கு ஓடினார். அங்கேதான் சிக்னல் வரும். திரும்பி வந்து மச்சானிடம் ஃபோனைக் காட்டினார்.

"இங்க பாரு. இது கீழ வரணும். உங்க மாமாவுக்கு வரல. டாக்டரும் பாத்துட்டாரு. போய் ஜீப்பக் கூப்புடு."

மச்சான் அந்தக் கோட்டில் என்னத்தைக் கண்டானோ, ஜீப்பைத் தேடி ஓடினான்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே இறங்கினேன். முதலில் வந்த குட்டைக் கோடு திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. அதில் அந்த மேடும் பாதியாகத்தான் இருந்தது. என்னைப் போன்றவன் பார்த்தால் மேடு என்றே சொல்ல மாட்டான். நர்சம்மா அதை அனுப்பியிருந்தால், கீழே இருந்த டாக்டர் காலையில் மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பார். அந்த மனிதர் வீட்டுக்கு நடந்து போயிருப்பார்.

படித்துத்தானே எழுதினேன். பிறகு எப்படி மற்ற சுவிட்சுகள் அணைந்தன?

ஒரு சிறு பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்தபோதுதான் விளக்கு மங்கியது நினைவுக்கு வந்தது. லேப்டாப்பைத் திறந்தேன். மூன்று வரி. படி. மாற்று. எழுது. முதல் வரியில் பெட்டியிடம் ரெஜிஸ்டரைக் கேட்கிறேன். பதில் வந்து விழ ஒரு இடம் ஒதுக்கி, அதில் முன்னாலேயே பூஜ்யம் போட்டு வைத்திருக்கிறேன். யுஎஸ்பியில் கேட்டது வந்ததா, வரவில்லையா என்று அந்த வரியே திரும்பிச் சொல்லும். அது என்ன சொன்னது என்று நான் பார்க்கவில்லை. ஓசூரில் ரெஜிஸ்டர் போர்டிலேயே இருந்தது. கேட்டால் வராமல் போகாது. இங்கே நடுவில் இரண்டு மீட்டர் ஒயர் இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய மோட்டார் இருக்கிறது. மோட்டார் எடுத்த நொடியில் பதில் வரவில்லை. ஒதுக்கிய இடத்தில் நான் போட்ட பூஜ்யமே இருந்தது. அதைப் பெட்டி சொன்ன பதில் என்று எடுத்துக்கொண்டு, வடிகட்டும் சுவிட்சைச் சேர்த்துத் திருப்பி எழுதினேன். எழுதியது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெரிதாக்கும் மூன்று சுவிட்சும் அணைந்து, கோடு பாதியானது. ஒயரைப் பிடுங்கிப் போட்ட பிறகுதான் பெட்டி தன் பழைய எண்ணுக்குத் திரும்பியிருக்கிறது.

படிக்காமல் எழுதுவதைவிட இது மோசம். படிக்காதவனுக்காவது தான் படிக்கவில்லை என்று தெரியும்.

இன்னும் கீழே படித்தேன். விளக்கைச் சிமிட்ட வைக்கும் பகுதியும் அதே ரெஜிஸ்டரைத்தான் படித்து எழுதிக்கொண்டிருந்தது. இது படித்து முடித்து எழுதுவதற்குள் அது இடையில் புகுந்து எழுதினால், இதன் மாற்றம் போகும் அல்லது அதன் மாற்றம் போகும். இரண்டுக்கும் நடுவில் பூட்டு எதுவும் போடவில்லை. இதுவரை நான் அகப்படவில்லை, அவ்வளவுதான்.

தப்பு தெரிந்துவிட்டது. இனி நிம்மதியாக இறங்கிப் போயிருக்க வேண்டும். வழக்கமாக அப்படித்தான். ஆனால் ஓசூர் போர்டு புகைந்து தீர்ந்துவிட்டது. இந்தப் புரோகிராம் மேலே அந்தக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. நாளைக்கும் மில் ஓடும். வருகிற சாமை தீர்கிற வரை ஓடும். நர்சம்மா லீவில் போனால் கீழே இருந்து வேறு ஒரு பெண் வருவார். அவர் படியைப் பார்ப்பவரா, என்னைப் போலக் கோட்டைப் பார்ப்பவரா என்று எனக்குத் தெரியாது.

நர்சம்மாவுக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. மேலே திரும்பி நடக்க வெளிச்சம் போதாது. ரோடு சேரும் இடம் வரை இறங்கினேன். ஜீப்கள் நிற்கும் இடத்து டீக்கடையில் பெஞ்சில் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். படுத்தேன். இதைவிட மோசமான இடங்களில் தூங்கியிருக்கிறேன்.

காலையில் மேலே போகும் முதல் ஜீப் வந்து நின்றது. முன் சீட்டில் நர்சம்மா. நேற்றுக் கட்டியிருந்த அதே புடவை. கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார்.

"இன்னா, ஊருக்கா?"

"இல்லக்கா. மேலதான்."

"பையோட?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். ஜீப்காரர், "ஏறுய்யா, ஏறு. கேள்விய மேல போய் கேட்டுக்கலாம். எனக்கு இன்னும் ரெண்டு டிரிப்பு இருக்குது" என்றார். நர்சம்மா பின்னால் வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"அவரு எப்படி இருக்காருக்கா?"

"உசுரோட இருக்காரு. ராத்திரியே வேலூருக்குக் கொண்டு போய் அடைப்ப எடுத்துட்டாங்க. இருதயத்துல ஒரு பக்கம் சரியா வேலை செய்யலையாம். கனம் தூக்கக் கூடாது, ஏர் புடிக்கக் கூடாதுன்றாங்க."

"இருபது நிமிஷம் முன்னால போயிருந்தா?"

"நானும் கேட்டேன்." புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டார். "சொல்ல முடியாதுன்னாரு டாக்டரு. எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லதுன்னாரு."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டார், மங்கிய விளக்கு, வராத பதில், அந்த இடத்தில் இருந்த பூஜ்யம், பூட்டு இல்லாதது, ஒயரைப் பிடுங்கினால் உறைந்தது. ஜீப் குலுக்கியதில் நடுநடுவே நிறுத்திச் சொன்னேன். ரெஜிஸ்டர் என்றால் என்ன என்று ஒரு தரம் மட்டும் கேட்டார்.

சொல்லி முடித்ததும், "எங்களுக்கு இது மொத வருஷத்துலயே சொல்லிக் குடுத்தது" என்றார். "பிபி பாக்கறோம். சத்தம் கேக்கலன்னு வெச்சிக்க. கேக்கலன்னு எழுதணும். பூஜ்யம்னு எழுதக் கூடாது. பூஜ்யம்னு எழுதினா ஆளு செத்துட்டான்னு அர்த்தம். நீ கேக்காததுக்குப் பூஜ்யம் எழுதியிருக்க."

"ஆமாக்கா."

"அவரு சம்சாரத்துகிட்ட இத நீ சொல்லணும்."

"சொல்றேன்."

"நேத்தே ஓடிப் போயிருந்தா எங்க சொல்லியிருப்ப?"

ஜீப்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் காலடியில் இருந்த பையைப் பார்த்தேன்.

அந்த அம்மாவிடம் சொன்னது அதற்கு எட்டு நாள் கழித்து. அவர் கேட்டுக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எழுத ஏதாவது இருந்திருக்கும்.

அன்று காலை மேலே போய் ஆஸ்பத்திரியைத் திறந்ததும் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தேன். முதலில் படிக்கும் வரி. கேட்டதற்குப் பதில் முழுசாக வந்ததா என்று பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் எழுதவே கூடாது. மூன்று தரம் மறுபடி கேட்கலாம். அப்போதும் வரவில்லையென்றால் நிறுத்திவிட்டு, படிக்க முடியவில்லை என்று திரையில் பெரிதாகப் போட வேண்டும். கோடே காட்டக் கூடாது. எழுதிய பிறகும் மறுபடி படித்து, எழுதியதுதான் உள்ளே இருக்கிறதா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். படிப்பதிலிருந்து எழுதுவது வரை பூட்டு. விளக்கைச் சிமிட்டும் பகுதியும் அதே பூட்டைத் திறந்துதான் உள்ளே வர வேண்டும். ஒயர் போய்விட்டால் உறையாமல் விலகிக்கொள்ள வேண்டும். எல்லாம் சேர்த்து நாற்பது வரி இருக்கும். மூன்று வரியில் முடித்திருந்தேன்.

"ஆச்சுக்கா" என்றேன்.

"இன்னா ஆச்சு? நேத்து முந்தாநாளு கூட ஆச்சுன்னுதான் சொன்ன." அவர் வெளியே போனார். மில்காரரோடு பேசும் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. "இன்னாத்துக்குமா மோட்டார நிறுத்தி நிறுத்திப் போடணும்? பெல்ட்டு தேயும்" என்று மில்காரர் கத்தினார். நர்சம்மா ஏதோ சொன்னார். பிறகு அவர் கத்தவில்லை.

உள்ளே வந்து, மூலையில் இருந்த கட்டிலைக் காட்டினார். "மேலுக்கு ஒண்ணும் இல்லாம படு. மில்லு ஓடி முடியற வரைக்கும் உனக்கு இதான் வேலை. சோறு நான் போடறேன். வர்ற நோயாளிங்க யாருக்கும் இத மாட்ட மாட்டேன், உனக்குத்தான் மாட்டுவேன்."

படுத்தேன். பஞ்சில் நெஞ்சைத் துடைத்து ஒயர்களை ஒட்டினார். கை சில்லென்று இருந்தது. ஒரு நோட்டைத் திறந்து கோடு போட்டுக்கொண்டு, மில்காரருக்குச் சைகையாகச் சுவரை மூன்று தரம் தட்டினார். மோட்டார் எடுத்தது. விளக்கு மங்கியது. பொத்தானை அவரே அழுத்தினார்.

திரை எனக்குத் தெரியவில்லை. "இன்னாக்கா வருது?" என்றேன்.

"படிக்க முடியவில்லைன்னு வருது. கோடு வரல." மணியைப் பார்த்து நோட்டில் எழுதினார். "ஆடாம படு. இன்னொரு தரம்."